பெரிய விட்ட ராடை லேத்தில் பார்ட்டிங் செய்யும் முறை

பெங்களூரின் பீனியா தொழிற்பேட்டையில் ஏதாவது ஒரு பட்டறைக்குள் நுழைந்து, லேத்தில் நிற்பவரிடம் 25 மி.மீ. ராடில் பத்துத் துண்டு பார்ட்டிங் போட்டு, அதாவது மெல்லிய பிளேடை இறக்கித் துண்டாகப் பிரித்துத் தரச் சொன்னால், அவர் மறுபேச்சில்லாமல் டூலை மாட்டிவிடுவார். அதே ஆளிடம் 100 மி.மீ. ஈ.என்.8 (நடுத்தரக் கார்பன் எஃகு) ராடைக் கொடுத்தால், பேண்ட்சா (பட்டை ரம்பம்) காலியாக இருக்கிறதா என்று முதலில் கேட்பார். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 25 மி.மீ. ராடின் மையத்தை எட்டுவதற்குப் பிளேடு 12.5 மி.மீ. வெளியே நீண்டால் போதும்; 100 மி.மீ. ராடுக்கு அது 50 மி.மீ. நீள வேண்டும். பிளேடின் வளைவு நீட்டத்தின் மும்மடிக்கு ஏற்றபடி கூடுவதால், நீட்டம் நான்கு மடங்கானால் அதே விசைக்கு வளைவு 64 மடங்காகிறது. சின்ன ராடில் யாரும் பொருட்படுத்தாத தளர்வும் கோணலும் உயரப் பிழையும் பெரிய ராடில் பிளேடை உடைக்கும் அளவுக்கு வளர்ந்து நிற்பது இதனால்தான்.

80 முதல் 150 மி.மீ. வரை விட்டமுள்ள கெட்டி ராடைச் சாதாரண சென்டர் லேத்தில் பிரித்தெடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெங்களூர்ப் பட்டறைகளில் இந்த வேலை செய்யும் நம்மவர்களில் பலர் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து, மூத்தவர்களின் கையைப் பார்த்தே தொழிலைக் கற்றவர்கள். கைக்குப் பழகிய வேலைக்குப் பின்னால் இருக்கும் கணக்கும் தெரிந்துவிட்டால், புது மெட்டீரியலோ புது லேத்தோ வரும்போது தடுமாற வேண்டியதில்லை. என் கருத்தில், பெரிய விட்டப் பார்ட்டிங்கில் முக்கால்வாசி வேலை ஸ்பிண்டில் சுற்றுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஆகவே இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி அந்த முன்வேலைக்கே போகும்.

லேத்தில்தான் பிரிக்க வேண்டுமா?

விட்டத்தை மி.மீ.யில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எஃகு ராடின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது ஸ்டீல் கடைகளில் எல்லோரும் போடும் கணக்கு. அதன்படி 100 மி.மீ. ராடு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 61.7 கிலோ. 4 மி.மீ. அகலப் பிளேடு ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 250 கிராம் எஃகைச் சுருளாக்கித் தள்ளிவிடும். பேண்ட்சா அதில் பாதியைக்கூடத் தின்னாது. பக்கத்திலேயே ஒருவர் காவல் நிற்கவும் வேண்டியதில்லை. வெறும் பிளாங்க் (பிறகு வேலை செய்யப்போகும் துண்டு) மட்டும் தேவை என்றால், முகம் திருப்ப, அதாவது முனையைச் சமமாகச் சீவ, 2 மி.மீ. கூடுதலாக வைத்துப் பேண்ட்சாவில் அறுத்துக்கொள்வதே சரி.

பார்ட்டிங்குக்கு உரிய இடம் வேறு. வெளிவிட்டம், துளை, முன்முகம் மூன்றையும் ஒரே பிடிப்பில் முடித்துவிட்ட ஜாபைக் கழற்றி மறுபடி பிடிக்காமல் அப்படியே பிரித்தெடுக்கும்போது, ஒருமையம் கெடாமல் இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை பாடும் படுகிறோம்.

நடுவில் எப்படியும் துளை வரப்போகிற ஜாபாக இருந்தால், முதலில் துளையை முடித்துவிட்டுப் பிறகு பார்ட்டிங்குக்கு வர வேண்டும். 100 மி.மீ. ராடில் 40 மி.மீ. துளை இருந்தால், பிளேடு வெட்ட வேண்டிய ஆழம் 50 மி.மீ.யிலிருந்து 30 மி.மீ.யாகக் குறைகிறது; பிளேடின் வளைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. வேகம் பூஜ்யமாகும் மையப் பகுதியை வெட்டும் தொல்லையும் அடியோடு போய்விடுகிறது. ரிங், காலர், ஸ்பேசர் போன்றவற்றில் இந்த ஒரு வரிசையை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பிளேடு

பார்ட்டிங் பிளேடு ஒரு திசையில் மிகக் கெட்டியானது, மறுதிசையில் மிக மெலிந்தது. 3 மி.மீ. இன்சர்ட் (கழற்றி மாற்றும் வெட்டுமுனை) பொருத்தும் 32 மி.மீ. உயரப் பிளேடின் உடல் தடிமன் பொதுவாக 2.4 மி.மீ. இருக்கும். செங்குத்தாக வரும் வெட்டு விசையைத் தாங்கும் கெட்டித்தன்மையையும், பக்கவாட்டு விசையைத் தாங்கும் கெட்டித்தன்மையையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டால், முதலாவது இரண்டாவதைப் போல ஏறத்தாழ 178 மடங்கு. ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினால் அசையாமல் நிற்பதும், தட்டையாகப் பிடித்து அழுத்தினால் வில்லாக வளைவதும் இதே கணக்குத்தான். 55 மி.மீ. நீட்டத்தில் 1000 நியூட்டன், அதாவது சுமார் 100 கிலோ பாரம், மேலிருந்து அழுத்தினாலும் பிளேடின் நுனி 0.04 மி.மீ. அளவே இறங்கும். பக்கவாட்டில் வெறும் இரண்டு கிலோ பாரம் பட்டாலே 0.14 மி.மீ. ஒதுங்கிவிடும். பெரிய ராடில் பிளேடு உடைவதற்குக் காரணம் தேடும்போது வெட்டு விசையை விட்டுவிட்டு, பக்கவாட்டில் எது தள்ளியது என்று பார்க்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

இதிலிருந்து நேராக வரும் முடிவு ஒன்று உண்டு. பார்ட்டிங் டூலின் முன்விளிம்பைச் சற்றுச் சாய்வாகத் தீட்டினால், விழும் துண்டில் நடுக்குமிழ் (மையத்தில் மிஞ்சும் சிறு புடைப்பு) ஒட்டாமல் ராடிலேயே தங்கிவிடும் என்பது சின்ன ராடில் நல்ல பழக்கம். பெரிய ராடில் அந்தச் சாய்வே பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும் விசையாக மாறி, வெட்டு வளைந்து, முகம் ஒருபக்கம் குழிந்தும் மறுபக்கம் புடைத்தும் வரச் செய்யும். ஆகவே ஆழமான வெட்டுக்கு முன்விளிம்பு நேராகவே இருக்க வேண்டும். நடுக்குமிழைப் பிறகு முகம் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

அகலத்தைப் பொறுத்தவரை, 100 மி.மீ. ராடுக்கு 4 மி.மீ. பிளேடும், 150 மி.மீ. ராடுக்கு லேத்தின் மோட்டார் இடம் கொடுத்தால் 5 அல்லது 6 மி.மீ. பிளேடும் எனக்குச் சரியாகப் படுகின்றன. ஒவ்வொரு பிளேடுக்கும் அது பிரிக்கக்கூடிய அதிகபட்ச விட்டத்தைத் தயாரிப்பாளர் கேட்டலாகில் கொடுத்திருப்பார். பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோடு கடைகளில் வாங்கும்போது அகலத்தை மட்டும் கேட்டு வாங்காமல் அந்த எண்ணையும் கேட்டு வாங்குங்கள். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டைக் கிரைண்டரில் தீட்டிச் செய்துகொள்ளும் பார்ட்டிங் டூல் சின்ன ராடுக்கு எவ்வளவோ நன்றாக உழைக்கும். ஆனால் 50 மி.மீ. நீளத்துக்கு மெல்லியதாகத் தீட்டப்பட்ட பிட்டில் உயரமும் இராது, பக்க விடுப்பும் (உரசாமலிருக்க விடும் இடைவெளியும்) சீராக இராது. பிரேஸ் செய்த விடியா (கார்பைட்) டிப் டூலும் இந்த ஆழத்துக்கு ஏற்றதல்ல. சுருள் ஒருமுறை சிக்கினாலே டிப் சில்லாகப் பெயர்ந்து, அந்தச் சில்லு பள்ளத்தின் அடியில் பதிந்துகொண்டு அடுத்த டூலையும் கெடுக்கும். மாற்றக்கூடிய இன்சர்ட் உள்ள பிளேடும், பிளேடின் அடிப்பக்கம் முழுவதையும் தாங்கும் கெட்டியான பிளாக் ஹோல்டரும் சேர்ந்ததே இந்த வேலைக்கான கருவி.

மெஷினைத் தயார் செய்தல்

ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. 1953-இல் தொடங்கப்பட்டதிலிருந்து இந்தப் பகுதி லேத் தொழிலின் ஊர். பல பத்தாண்டு உழைத்த மெஷின்கள் இன்றும் பீனியாவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் டர்னிங் நன்றாக வருகிறது என்பதாலேயே பார்ட்டிங்கும் வரும் என்று நம்பிவிடக் கூடாது, ஏனென்றால் டர்னிங்கில் வெளியே தெரியாத தளர்வுகளைப் பார்ட்டிங் வெளியே கொண்டுவந்துவிடும்.

முதலில் கிராஸ் ஸ்லைடை (டூலை ராடை நோக்கி நகர்த்தும் பாகத்தை) கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, ஸ்லைடின் தளர்வைச் சரிசெய்யும் பட்டையான ஜிப்பை இறுக்குங்கள். ஹேண்டில் சுற்றும்போது சற்றுக் கனமாகத் தெரிய வேண்டும். எளிதாகச் சுழன்றால் இறுக்கம் போதாது. இதற்குக் காரணம் உண்டு. முன்பக்கம் மாட்டிய டூலின் நுனியை வெட்டு விசை கீழே அழுத்துகிறது. ஸ்லைடு தளர்ந்திருந்தால் நுனி கீழே இறங்குவதோடு நில்லாமல் ராடை நோக்கி முன்னேயும் சாய்கிறது. அப்படிச் சாய்ந்ததும் வெட்டின் தடிமன் கூடுகிறது, விசை கூடுகிறது, மேலும் சாய்கிறது. ஸ்க்ரூவில் இருக்கும் பேக்லாஷும் (மரையின் தளர்வும்) சேர்ந்துகொண்டால், ஆப்பரேட்டர் கை வைக்காமலேயே டூல் தானாக உள்ளே இழுக்கப்பட்டுப் பளீரென்று உடைகிறது. டூல் கடித்துக்கொண்டது என்று நாம் சொல்வதன் உள்விவரம் இதுதான்.

கிராஸ் ஸ்லைடின் மேல் இருக்கும் சிறு காம்பவுண்ட் ஸ்லைடு பார்ட்டிங்குக்கு எந்த உதவியும் செய்வதில்லை. தளர்வுக்கு இன்னொரு இடம் கொடுப்பது மட்டுமே அதன் பங்கு. அதன் மேல்பாகம் அடிப்பாகத்தை விட்டு வெளியே துருத்தாதபடி முழுவதும் பின்னிழுத்து ஜிப்பை இறுக்கிப் பூட்டுங்கள். பெரிய ராடு அடிக்கடி வருகிற பட்டறையாக இருந்தால், காம்பவுண்டையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு கெட்டி எஃகு பிளாக்கைப் போட்டு, அதன் மேல் டூல் போஸ்டை மாட்டிக்கொள்வதைப் போன்ற நல்ல முதலீடு வேறில்லை. ஒரு நாள் மில்லிங் வேலைதான் செலவு. சாட்டர் (வெட்டும்போது வரும் அதிர்வு) பாதிக்கு மேல் அடங்கிவிடும். கிராஸ் ஸ்லைடைச் சுமந்து பெட்டின் மேல் நகரும் சேடிலின் லாக்கை மறக்காமல் போட வேண்டும். அதைப் போடாத சேடில் பெட்டின் மேல் நூலளவு நகர்ந்தாலும், அது முழுவதும் பிளேடின் பக்கத்தில்தான் போய் விழும்.

ராடைச் சக்கின் ஜாவின் (கவ்வும் தாடையின்) முழு நீளமும் கவ்விப் பிடிக்க வேண்டும். கறுப்பு ராடு உருண்டையாக இல்லாவிட்டால் மூன்று ஜா சக்கில் இரண்டு ஜா மட்டுமே உண்மையில் பிடித்துக்கொண்டிருக்கும்; அப்படிப்பட்ட ராடுக்கு நான்கு ஜா சக்கே பாதுகாப்பு. வெட்டும் இடம், ஹோல்டர் ஜாவில் இடிக்காத அளவுக்குச் சக்கை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கியிருக்கட்டும். பிளேடு இறங்கப்போகும் இடத்தில் 10 மி.மீ. அகலத்துக்குச் சாதாரண டர்னிங் டூலால் மேல்தோலை எடுத்துவிடுங்கள். ஹாட் ரோல்டு ராடின் கடினமான செதிலும், அதன் வட்டப் பிழையும் பார்ட்டிங் இன்சர்ட்டின் முதல் சில சுற்றுகளிலேயே விளிம்பைத் தின்றுவிடும்.

பிளேடு ராடின் அச்சுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேக்னட் பேஸைப் பெட்டின் மேல் வைத்து, டயலின் நுனியைப் பிளேடின் பக்கத்தில் தொட வைத்து, கிராஸ் ஸ்லைடை 50 மி.மீ. ஓட்டிப் பாருங்கள். 3 மி.மீ. இன்சர்ட்டுக்கும் 2.4 மி.மீ. உடலுக்கும் இடையே ஒரு பக்கத்துக்குக் கிடைக்கும் இடைவெளி 0.3 மி.மீ. மட்டுமே. டயல் 50 மி.மீ. ஓட்டத்தில் 0.3 மி.மீ. காட்டினால், மையத்தை எட்டும்போது பிளேடின் உடல் பள்ளச் சுவரில் உரசிக்கொண்டிருக்கும் என்று பொருள். உடல் நேராக உள்ள பிளேடில் 0.03 மி.மீ.க்குள் கொண்டுவருவது கடினமான காரியமல்ல. ஐந்து நிமிடம் பிடிக்கும்.

உயரம்

இதற்குத் தனித் தலைப்பு கொடுத்ததற்குக் காரணம், பெரிய ராடில் உயரப் பிழை தொடக்கத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் கடைசியில் மட்டும் வெளிப்படுவதுதான். டூல் நுனி மையத்துக்கு 0.25 மி.மீ. மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மி.மீ. விட்டத்தில் அந்தப் பிழை டூலின் கோணத்தை 0.3 பாகைக்கும் குறைவாகவே மாற்றுகிறது. வெட்டு அருமையாக இறங்கும். விட்டம் 4 மி.மீ.யாகச் சுருங்கும்போது அதே 0.25 மி.மீ. பிழை 7 பாகைக்கு மேல் ஆகிவிடுகிறது. பொதுவாக இன்சர்ட்டின் முன்விடுப்பே ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கு மேல் விளிம்பு வெட்டாது. அதன் கீழேயுள்ள முகம் ராடில் மோதி உரசும். டூல் மையத்துக்குக் கீழே இருந்தாலோ, மெலிந்துபோன நடுத்தண்டு டூலின் மேல் ஏறிக்கொள்ளப் பார்க்கும். பிழையைப் போல இரண்டு மடங்கு விட்டமுள்ள குமிழும் மிஞ்சும்.

ஆகவே உயரத்தை 0.1 மி.மீ.க்குள் வைக்க வேண்டும். டெயில்ஸ்டாக் (பெட்டின் மறுமுனையில் நிற்கும் தாங்கி) சென்டரின் முனையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் சரிபார்ப்பு மட்டுமே, ஏனென்றால் பழைய லேத்தில் டெயில்ஸ்டாக்கே தேய்ந்து தாழ்ந்திருக்கலாம். அதே சக்கில் ஒரு சின்னத் துண்டைப் பிடித்து, அதே பிளேடால் முகத்தை மையம் வரை இலேசாகத் திருப்பி, நடுவில் குமிழ் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. குமிழ் மறையும் வரை பேக்கிங் தகடுகளை மாற்றிக்கொண்டே வாருங்கள்.

சாய்ந்த துளையில் பிளேடைப் பிடிக்கும் எச்.எஸ்.எஸ். ஹோல்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 5 பாகைச் சாய்வில் பிளேடை 25 மி.மீ. வெளியே நீட்டினால் நுனி 2.2 மி.மீ. உயர்ந்துவிடும். ஒவ்வொரு முறை நீட்டிய பிறகும் உயரத்தைப் புதிதாக வைக்காவிட்டால், முதலில் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் வீண்.

வேகமும் ஃபீடும்

எச்.எஸ்.எஸ். பிளேடில் மைல்டு ஸ்டீல், ஈ.என்.8 ராடுகளுக்கு நிமிடத்துக்கு 15 முதல் 20 மீட்டர் வெட்டு வேகம் போதும், 100 மி.மீ. விட்டத்தில் அது 48 முதல் 64 ஆர்.பி.எம். கார்பைட் இன்சர்ட்டுக்கு நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் ஏறத்தாழ 255 ஆர்.பி.எம். வரும். விட்டம் குறையக் குறைய வெட்டு வேகமும் குறைந்துகொண்டே போகும். கியர் லேத்தில் விட்டம் பாதியாகும் இடத்தில் டூலைப் பள்ளத்திலிருந்து முழுவதும் வெளியே எடுத்து, ஸ்பிண்டிலை நிறுத்தி, ஒரு கியர் கூட்டிக்கொள்ளலாம். சி.என்.சி.யில் வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 கட்டளையைப் போட்டால் இது தானாக நடக்கும். ஆனால் உச்ச ஆர்.பி.எம்.முக்குக் கடிவாளம் போடாமல் விட்டால், மையத்தை நெருங்கும்போது ஸ்பிண்டில் தன் முழு வேகத்துக்கு ஏறி, பல கிலோ எடையுள்ள துண்டைக் குச்சியளவு தண்டில் சுழற்றிக்கொண்டிருக்கும். பெரிய துண்டுக்கு அந்தக் கடிவாளம் தாழ்வாகவே இருக்க வேண்டும்.

ஃபீடில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், அதுவும் பயத்தினால். பிளேடு உடைந்துவிடுமோ என்று ஹேண்டிலை மயிரிழை மயிரிழையாகச் சுற்றும்போது விளிம்பு வெட்டாமல் உரசுகிறது. உரசினால் சூடு, சூட்டினால் மழுங்கல், மழுங்கினால் கூடுதல் அழுத்தம். துருப்பிடிக்காத 304 எஃகில் இன்னும் மோசம், உரசிய மேற்பரப்பே கடினமாகி அடுத்த சுற்றில் இன்சர்ட்டை உடைக்கும். எச்.எஸ்.எஸ்.ஸுக்குச் சுற்றுக்கு 0.03 முதல் 0.08 மி.மீ., கார்பைடுக்கு 0.05 முதல் 0.15 மி.மீ. என்ற எல்லைக்குள் தைரியமாக, இடைவிடாமல் கொடுக்க வேண்டும். கிராஸ் ஃபீடுக்குப் பவர் இருக்கிற லேத்தில் பவர் ஃபீடே மேல், ஏனென்றால் கையைப் போல அது ஒரு சுற்றில் அழுத்தி மறு சுற்றில் தளர்த்துவதில்லை.

மோட்டாரையும் கணக்கில் கொள்ளுங்கள். 4 மி.மீ. அகலம், சுற்றுக்கு 0.1 மி.மீ. ஃபீட் என்றால், இத்தனை மெல்லிய வெட்டில் எஃகின் எதிர்ப்பு சதுர மி.மீ.க்குச் சுமார் 2500 நியூட்டன் என்ற கணக்கில் மொத்த விசை 1000 நியூட்டன் வருகிறது. நிமிடத்துக்கு 80 மீட்டர் வேகத்தில் அது டூல் நுனியில் மட்டும் 1.3 கிலோவாட்டுக்குச் சற்று மேல். பெல்ட்டிலும் கியரிலும் போவதைச் சேர்த்தால் இரண்டரைக் குதிரைத்திறனை நெருங்கும். 2 எச்.பி. மோட்டார் இதில் திணறும். அப்படிப்பட்ட லேத்தில் ஃபீடைக் குறைப்பதைவிட வேகத்தைக் குறைப்பதும், ஒரு அளவு மெல்லிய பிளேடுக்கு இறங்குவதும் நல்ல வழி.

வெட்டு

பிளேடை முதலிலேயே 55 மி.மீ. நீட்டிவிடாதீர்கள். 25 மி.மீ. நீட்டி 20 மி.மீ. ஆழம் வரை வெட்டுங்கள். பிறகு நிறுத்தி, மேலும் 15 மி.மீ. நீட்டி, மறுபடி நுழையுங்கள். நேராகப் பிடிக்கும் பிளாக் ஹோல்டரில் உயரம் மாறாது என்பதால் இதற்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. வெட்டின் பெரும்பகுதி குட்டையான, கெட்டியான பிளேடில் முடிந்துவிடும்.

ஆழம் கூடியதும் அடுத்த எதிரி சுருள். பள்ளத்தின் அகலமும் சுருளின் அகலமும் ஒன்றாக இருந்தால் அது வெளியேற வழியில்லாமல் சுவருக்கும் பிளேடுக்கும் நடுவில் ஆப்பாகச் செருகிக்கொள்ளும். இன்சர்ட்டின் மேலிருக்கும் பள்ள வடிவம் சுருளை இருபக்கமும் மடக்கிக் குறுக்குவதற்காகவே செய்யப்பட்டது, எச்.எஸ்.எஸ். பிளேடில் மேல்முகத்தின் நடுவே இலேசாக ஒரு நீளக் குழி தீட்டிக்கொண்டால் ஓரளவு அதே பலன் கிடைக்கும். இது போதாத ஆழத்தில் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். 15 மி.மீ. இறங்கியதும் டூலை வெளியே எடுத்து, சேடிலை விழப்போகும் துண்டின் பக்கமாக 1 மி.மீ. நகர்த்திப் பூட்டி, அதே ஆழத்துக்கு இன்னொரு முறை இறக்குங்கள். பிறகு பழைய இடத்துக்குத் திரும்பி அடுத்த 15 மி.மீ.க்குப் போங்கள். பள்ளம் பிளேடைவிட அகலமாக இருப்பதால் சுருள் தடையில்லாமல் வரும், கூலன்ட்டும் அடிவரை போகும். மெட்டீரியல் சற்று வீணாகும், 120 மி.மீ.க்கு மேற்பட்ட ராடில் நான் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நகர்த்திய இரண்டாம் வெட்டில் பிளேடின் ஒரு ஓரம் மட்டுமே வெட்டுவதால் அது பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும். ஆகவே அப்போது மட்டும் ஃபீடைப் பாதியாக்குங்கள்.

கூலன்ட் சொட்டுச் சொட்டாக விழுவதில் பயனில்லை. கார்பைட் என்றால் பள்ளம் நிரம்பும்படி இடைவிடாமல் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் உலர்வாகவே வெட்ட வேண்டும். விட்டுவிட்டு ஊற்றினால் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டு இன்சர்ட்டில் விரிசல் விழும். எச்.எஸ்.எஸ்.ஸுக்குக் கெட்டியான கட்டிங் ஆயிலைப் பிரஷ்ஷால் தொடர்ந்து கொடுப்பது ஸ்லோ ஸ்பீடில் மிக நன்றாக வேலை செய்யும். அலுமினியம் டூல் நுனியில் ஒட்டிக்கொள்ளும், அதற்கு மண்ணெண்ணெய். வார்ப்பிரும்பும் பித்தளையும் உலர்வாகவே வெட்டுப்படும். பித்தளைக்கு மேல்முகம் சாய்வில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டூலை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வெட்டு நடக்கும்போது காதைக் கூர்மையாக வைத்திருங்கள். சரியான வெட்டில் சீரான, தாழ்ந்த ஒரு முரல் கேட்கும். கடிகார ஸ்பிரிங் போல இறுகச் சுருண்ட சுருள்கள் ஒரே அளவில் விழுந்துகொண்டிருக்கும். கிறீச்சென்ற சத்தம் உரசலின் அடையாளம், ஃபீடைக் கூட்டிப் பாருங்கள். தடதடவென்று சாட்டர் அடித்தால் வேகத்தைக் குறைத்து ஃபீடை அப்படியே வையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்தி, எது தளர்ந்தது என்று தேடுங்கள். சத்தம் திடீரென்று அமுங்கி, மோட்டார் இழுபட்டு, சுருள் வருவது நின்றால் அந்த நொடியே டூலை வெளியே எடுக்க வேண்டும்.

வெட்டின் நடுவில் மின்சாரம் போவது நமது பட்டறைகளில் நடக்கக்கூடியதே. அப்போது பவர் ஃபீடைத் தளர்த்தி, டூலைக் கையால் பின்னிழுத்து, பள்ளத்துக்கு வெளியே கொண்டுவந்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும். ஜெனரேட்டர் வந்ததும் டூல் உள்ளே இருக்கும்போதே ஓடவிட்டால் முதல் சுற்றிலேயே இன்சர்ட் போய்விடும். டூல் சிக்கியிருந்தால், மெயினை அணைத்துவிட்டுச் சக்கைக் கையால் மெதுவாகப் பின்பக்கம் சுற்றி விடுவியுங்கள்.

வசதியுள்ள லேத்தில் கிராஸ் ஸ்லைடின் பின்பக்கம் ஒரு டூல் போஸ்டை மாட்டி, பிளேடைத் தலைகீழாகப் பிடித்து வெட்டுவது இந்தத் தொல்லைகள் பலவற்றைக் குறைக்கும். அங்கே வெட்டு விசை நுனியை மேலே தூக்குகிறது. தளர்வு இருந்தாலும் டூல் ராடை விட்டு விலகுகிறதே தவிர உள்ளே பாய்வதில்லை. சுருளும் தன் எடையால் பள்ளத்திலிருந்து கீழே விழுந்துவிடுகிறது. முன்பக்கத்திலேயே தலைகீழாக மாட்டி ஸ்பிண்டிலைப் பின்சுற்றில் ஓட்டுவதைச் சிலர் செய்கிறார்கள். சக் மரையில் ஏறியிருக்கும் பழைய லேத்தில் அதை ஒருபோதும் செய்யக் கூடாது, சக்கே கழன்று வந்துவிடும்.

கடைசிப் பகுதி

100 மி.மீ. ராடில் 50 மி.மீ. நீளத் துண்டு 3 கிலோவைத் தாண்டும், 150 மி.மீ. ராடில் அதே நீளம் ஏறத்தாழ 7 கிலோ. இந்த எடை சுழன்றுகொண்டிருக்கும்போதே அறுந்து விழுவதை நான் விரும்புவதில்லை, யாருக்கும் பரிந்துரைப்பதுமில்லை. நடுத்தண்டு மெலியும்போது துண்டு தன் எடையால் தொங்கி, பள்ளத்தின் வாய் மூடி, பிளேடின் பக்கத்தை நசுக்கும். அதுவரை தப்பித்து வந்த பிளேடு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எனவே கெட்டி ராடில் 10 முதல் 12 மி.மீ. தண்டு மிச்சமிருக்கும்போது டூலை வெளியே எடுத்து, ஸ்பிண்டிலை நிறுத்தி, மெயினையும் அணைத்து, பெட்டின் மேல் மரக்கட்டை வைத்துத் துண்டைத் தாங்கிக்கொண்டு, அதே பள்ளத்தில் ஹாக்சா பிளேடை நுழைத்துக் கையால் அறுத்துவிடுங்கள். ஃபிரேம் உள்ளே போகாத ஆழமாக இருந்தால், பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து அறுக்கலாம். டெயில்ஸ்டாக் சென்டரின் துணையோடு நீளத் துண்டைப் பிரிக்கும்போது இது கட்டாயம். இருபுறமும் அழுத்தப்பட்ட ராடில் தண்டு அறுந்தால் துண்டு சென்டருக்கும் பிளேடுக்கும் நடுவில் சிக்கிச் சுழன்று பறக்கும். தண்டை மிச்சம் வைத்து நிறுத்திய பிறகுதான் சென்டரைத் தளர்த்த வேண்டும்.

ஜாபின் தன்மை காரணமாக லேத்திலேயே முழுவதும் பிரித்தாக வேண்டுமானால், மையத்துக்கு 2 மி.மீ. இருக்கும்போது ஃபீடை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்ளுங்கள். துண்டு விழ மரத்தொட்டியோ மணல் மூட்டையோ வையுங்கள். துளையுள்ள ரிங் என்றால் டெயில்ஸ்டாக்கின் டிரில் சக்கில் ஒரு ராடைப் பிடித்துத் துளைக்குள் நுழைத்து வைத்தால், அறுந்த ரிங் அதன் மேல் தொங்கிக்கொள்ளும். கையை நீட்டிப் பிடிப்பது எந்த அளவுத் துண்டுக்கும் கூடாது. கையுறை, தொங்கும் சட்டைக்கை, கழுத்தில் துண்டு எதுவும் வேண்டாம், கண்ணாடி கட்டாயம். பிளேடு உடைந்தால் சில்லு பெரும்பாலும் பள்ளத்தின் நேர்க்கோட்டில் தெறிக்கும், ஆகவே அந்தக் கோட்டிலிருந்து ஒரு அடி விலகி நில்லுங்கள்.

துண்டு கைக்கு வந்ததும் அதன் முகத்தின் மேல் ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முகம் குழிந்தோ புடைத்தோ இருந்தால் பிளேடு பக்கவாட்டில் ஒதுங்கியிருக்கிறது. இன்சர்ட்டின் இரண்டு மூலைகளில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருக்கும். அதை மாற்றி, டயலை மறுபடி ஓட்டிய பிறகே அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். பிளேடின் பக்கத்தில் பளபளவென்று உரசல் தடம் இருந்தால், அது எந்தப் பக்கம் என்பதைக் குறித்துக்கொண்டு டூல் போஸ்டை அதற்கேற்பத் திருப்பி வையுங்கள்.